கிட்டத்து ஊர்

எழுபதைத் தாண்டினவுகளுக்குத்தான் இதைச் சொல்றேன். படியேறும்போது முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு "ஆண்டவரே"ன்னு முனங்குறவுக கிட்ட வந்து உக்காருங்க. சின்னவுகளுக்குப் புரியாதுன்னு இல்ல. பாதியில போனை எடுத்துப் பார்ப்பாக, எனக்குக் கோவம் வரும். காலம்பூரா நர்சா இருந்தவ நான். எனக்குக் கோவம் வந்தா எப்படி இருக்கும்னு என் வார்டுல படுத்து எந்திரிச்சவுகளைக் கேளுங்க.

நான் சொல்லப்போறது ஒரே ஒரு கோடைக்காலத்தை. அந்தக் கோடையில எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. எங்க அம்மா வயித்துல நான் ஒருத்திதான்.

எங்க ஊரு சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவுல, தார் ரோட்டுல இருந்து ரெம்ப உள்ள தள்ளி இருந்துச்சு. சுத்திக் கரிசக்காடு. எங்களுக்கு மேக்க ஒரு ஊரு, நடுவுல ஒரு ஓடை. ஓடைன்னு பேருதான், அதுல தண்ணி ஓடி நான் பார்த்தது கொஞ்சம். எங்க அப்பா மிசன் பள்ளிக்கூடத்து வாத்தியாரு. சபைக்கு உபதேசியாரும் அவுகதான். அந்தக் காலத்துல எங்களை மாதிரி சின்ன ஊருக்கெல்லாம் தனியா பாதிரி ஐயரு வரமாட்டாரு. வாரம்பூரா வாய்ப்பாடு சொல்லிக்குடுத்த வாயே ஞாயித்துக்கிழமை பிரசங்கமும் பண்ணும். அம்மா வீட்டுல உக்காந்து தீப்பெட்டி ஒட்டுவா. மைதாவைக் காய்ச்சி, அதுல மயில்துத்தத்தைப் பொடிச்சுப் போட்டுக் கிண்டுவா. பசை லேசா பச்சை ஓடிக் கிடக்கும். துத்தம் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். பூச்சி வராம இருக்கவும்தான், பசிச்ச பிள்ளைக அள்ளித் தின்னாம இருக்கவும்தான்.

பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்த சமயம். உச்சி வெயில்ல ஆடு மேய்க்கிறவர் ஓடி வந்து, ஓடைக்கரையில ஒரு ஆளு விழுந்து கிடக்கான், மூச்சு இல்லன்னு சொன்னாரு. அப்பா செருப்பைக்கூட மாட்டாம ஓடுனாக. ஊர்ப் பிள்ளைக எல்லாம் பின்னாடியே ஓடுனோம். வராதீகன்னு சொல்றதுக்குக்கூட அவுகளுக்கு நேரம் இல்ல.

ஒரு கருவேல மரம். இலையைவிட முள்ளு அதிகம், அது குடுக்கிற நிழலும் அப்படித்தான். அதுக்கடியில அந்த மனுசன் கிடந்தாரு. பக்கத்துல ஒரு பிள்ளை உக்காந்து, பாவாடை நுனியால அவர் மூஞ்சியில ஈ விரட்டிக்கிட்டு இருந்துச்சு. என்னைய விட ஒண்ணு ரெண்டு வயசு சின்னதா இருக்கும். அழுகல. எங்களைப் பார்த்ததும் விரட்டுறதை நிப்பாட்டிட்டு, அப்பாவுக்குத் தூக்கம் தெளியலன்னு மட்டும் சொல்லுச்சு.

எங்க ஊர்த் தலையாரியும் பக்கத்து ஊர்த் தலையாரியும் அதுக்குள்ள வந்து சேந்துட்டாக. ரெண்டு பேருக்கும் ஒரே கவலை, இது யாரு எல்லைன்னு. போலீசுக்கு யாரு எழுதிக் குடுக்கிறது, யாரு ஸ்டேசனுக்கு நடக்கிறதுன்னு. எல்லைக்கு இந்தப் பக்கம் தலை, அந்தப் பக்கம் காலுன்னு ஒருத்தர் சொன்னாரு. தலைதான கணக்குன்னு இன்னொருத்தர் சொன்னாரு. பொணத்தை வச்சுக்கிட்டு இப்படி வாக்குவாதம் பண்ணுனதை நினைச்சா இப்பவும் எனக்கு ரெண்டு பேரையும் நாலு சாத்து சாத்தலாம்னு தோணும். ரெண்டு பேருமே மோசமான ஆளுக இல்ல, அதையும் சொல்லிடுறேன்.

பிறகு அந்தப் பிள்ளை சொல்லித்தான் விசயம் தெரிஞ்சுச்சு. கமுதிப் பக்கம் மழை பொய்ச்சுப்போய், தாயும் இல்லாம, அப்பனும் மகளும் பட்டாசு வேலை தேடி நடந்தே வந்திருக்காக. எங்க ஊர்க் கடைக்காரர், இங்கன ஒண்ணும் இல்ல, மேக்க பக்கத்து ஊர்க் கம்பெனியில ஆள் எடுக்காகன்னு கை காட்டிருக்காரு. அங்க போனா அதிகாரிக சோதனைன்னு கம்பெனியை மூடிப் போட்டிருக்கு. அங்க இருந்தவுக, கிழக்க தீப்பெட்டி ஆபீசு இருக்கு, அங்கன கேளுங்கன்னு திருப்பி விட்டிருக்காக. திரும்பி வர்ற வழியிலதான் மனுசன் விழுந்துட்டாரு. ஒரு வாய் சோறு யாரும் குடுக்கல. கேக்கவும் அவருக்குக் கூச்சம்.

சாயங்காலம் போலீசு வந்து நெஞ்சுவலின்னு எழுதிக்கிட்டுப் போச்சு. அப்பாவும் நாலைஞ்சு பேருமா ஓடைக்கரையிலயே அடக்கம் பண்ணுனாக. தலைமாட்டுல ஒரு கல்லை நட்டாக. அப்புறம் அப்பா அந்தப் பிள்ளை கையைப் பிடிச்சு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாக.

அம்மா சோறு போட அடுப்படிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அது பசைச் சட்டியில கையை விட்டு வாயில வச்சிருச்சு. அம்மா பதறிப்போய் அது வாய்க்குள்ள விரலை விட்டு வழிச்செடுத்தா. மோரா மோராக் குடிக்க வச்சு வாந்தி எடுக்க வச்சா. பிறகு மடியில போட்டுக்கிட்டு அம்மாதான் அழுதா. அந்தப் பிள்ளை கசக்குதுன்னு சொல்லுச்சு. எனக்கு அம்மா மேல பொறாமையா வந்துச்சா, அந்தப் பிள்ளை மேல வந்துச்சான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. ராத்திரி என் பாயிலதான் படுத்துச்சு. விடியும்போது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சிருந்துச்சு. பொறாமை அதோட போச்சு.

அடடா, அந்தக் கோடை! வெயில் அடிக்க அடிக்க எங்க பக்கத்துக்குக் கொண்டாட்டம்தான், தெரியுமில்ல? தெருவெல்லாம் தீப்பெட்டி காயும், பட்டாசுக் குழாய் காயும். காத்துல மருந்து வாடையும் பசை வாடையும் சேந்து வரும். சிவகாசி அச்சாபீசுல இருந்து கழிவுத்தாள் வரும், நம்ம புத்தகத்துக்கு அட்டை போட. காலண்டர்ப் படம் அச்சடிக்கும்போது எல்லாக் கலரும் ஏறுறதுக்கு முன்னாடி கழிச்சுப் போட்ட தாளு. மஞ்ச மட்டும் ஏறின ரோசாப்பூ, செவப்பு மட்டும் ஏறின கிளி. அந்தப் பிள்ளைக்கு அந்தத் தாளுன்னா உசிரு. ஒரு தாளுல மஞ்ச மூஞ்சியோட ஒரு பொம்பளைப்பிள்ளை, கண்ணு இன்னும் அச்சாகல. இதுக்கு எப்பக்கா கண்ணு வரும்னு கேட்டுக்கிட்டே இருக்கும். அந்தத் தாள் எங்க போச்சுன்னு தெரியல. எத்தனை வீடு மாறினோம்.

அப்பா அதுக்கு எழுத்துச் சொல்லிக்குடுத்தாக. தரையில புளியங்கொட்டையை அடுக்கி அ எழுதும், ஆ எழுதும். சுழிச்சு வர்ற எழுத்துன்னா கொட்டை பத்தாது, என் கொட்டையையும் பிடுங்கிக்கும். அம்மாவை முதல்ல அத்தைன்னு கூப்பிட்டுச்சு. ஒரு நாள் சாப்பிடும்போது, அம்மா இன்னுங் கொஞ்சம் குழம்புன்னு கேட்டுச்சு. அம்மா கரண்டியைப் பிடிச்சபடியே நின்னா. திருத்தல. அன்னியில இருந்து எங்க வீட்டுல ரெண்டு பேரு அம்மான்னு கூப்பிட்டோம்.

பள்ளிக்கூடம் திறக்கிற நாள் நெருங்க, சபையில முணுமுணுப்பு ஆரம்பிச்சுச்சு. யார் பெத்த பிள்ளையோ, என்ன ஆளுகளோ, நாளைக்குச் சொந்தக்காரன்னு எவனாவது வந்து சண்டைக்கு நின்னா ஊருக்குத்தான கெட்டபேருன்னு. பக்கத்து ஊருக்காரங்களுக்கும் இதுல பங்கு உண்டே, நம்ம மட்டும் ஏன் சுமக்கணும்னு. அப்பாவுக்கு இது மனசுல தைச்சிருச்சு. இரக்கப்பட்டு வச்சிருக்கிற பிள்ளையா அது வளரக்கூடாது, இந்த ஊருக்கு உரிமைப்பட்ட பிள்ளையா வளரணும்னு அம்மாகிட்ட சொன்னாக. அம்மா, நம்ம வீட்டுப் பிள்ளையா வளந்தாப் போதாதான்னு கேட்டா. அப்பா அப்பவே வேதத்தைப் புரட்டிக்கிட்டு இருந்தாக.

அந்த ஞாயித்துக்கிழமை அவுக பிரசங்கத்துக்கு எடுத்தது, மோசே காலத்துல யூதருக்குச் சொன்ன ஒரு சட்டம். வெளியில ஒருத்தன் செத்துக் கிடந்து, கொன்னது யாருன்னு தெரியலேன்னா, சுத்துப்பட்டுப் பெரியவுக எல்லாம் அங்க வரணும். பொணம் கிடந்த இடத்துல இருந்து ஒவ்வொரு ஊருக்கும் அளக்கணும். எந்த ஊரு கிட்டத்துல இருக்கோ, அந்த ஊர்ப் பெரியவுக ஒரு கிடாரிக் கன்னுக்குட்டியைக் கொண்டுவந்து ஓடைப் பள்ளத்துல அதோட கழுத்தை வெட்டி, கையைக் கழுவி, இந்த ரத்தத்தை நாங்க சிந்தலன்னு ஆண்டவர் முன்னால சொல்லணும். அப்பா படிப்புக்குப் போன இடத்துல யாரோ சொல்லிக்குடுத்திருக்காக போல, இதுக்கு யூதப் பெரியவுக வச்சிருந்த விளக்கத்தையும் சொன்னாக. ஊர்ப் பெரியவுகளைக் கொலைகாரன்னு யாரு சொன்னா? அவுக சொல்லவேண்டியது என்னன்னா, இவன் எங்ககிட்ட வந்து பசியோட போகல, வழித்துணை இல்லாமப் போகலங்கிறதுதான். கடைக்காரர் பின்பெஞ்சில உக்காந்திருந்தாரு. எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

நம்ம அளக்குறது தள்ளிவிடுறதுக்கு, அவுக அளந்தது ஏத்துக்கிறதுக்குன்னு அப்பா சொன்னாக. அதனால ரெண்டு ஊரும் சேந்து அளப்போம், கிட்டத்து ஊரு அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையா எடுத்துக்கட்டும், அதுக்கப்புறம் ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாதுன்னு. எல்லாரும் சரின்னாக. எங்க ஊருதான் கிட்டத்துல இருக்குன்னு எங்க அப்பாவுக்குத் துளி சந்தேகம் இல்ல. பார்த்தாலே தெரியும், கல்லுல இருந்து எங்க வேதக்கோயில் மணி கேக்கிற தூரம். சட்டத்தை வச்சே அந்தப் பிள்ளையை வீட்டுல நிலைநிறுத்திடலாம்னு கணக்குப் போட்டாக பாவம்.

பக்கத்து ஊர் நாட்டாமை பெரிய மனுசர். நம்ம வேதம் அவருக்கு வேதம் இல்ல. அப்பா போய்ச் சொன்னதும், இதுல நியாயம் இருக்குன்னு ஒத்துக்கிட்டாரு. ஒண்ணே ஒண்ணு கேட்டாரு, கிடாரி என்ன பாவம் பண்ணுச்சு வாத்தியாரய்யான்னு. அதெல்லாம் அந்தக் காலத்தோட போச்சுன்னு அப்பா சொன்னதும் சிரிச்சாராம்.

அளந்த அன்னிக்கு ரெண்டு ஊரு ஆம்பளைகளும் ஓடையில கூடிட்டாக. எங்க கோயில் கிணத்து வடக்கயித்தைக் கொண்டு வந்திருந்தாக. அம்மா வரல. தலை எந்த இடத்துல இருந்துச்சுன்னு காட்டுறதுக்கு அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டாக. கல்லு ஒரு பக்கம் சாஞ்சு போயிருந்துச்சு. அது யோசிக்கவே இல்ல, நேராப் போய் ஒரு இடத்துல பாதத்தை வச்சு நின்னுச்சு. அது நின்ன இடத்துல இருந்து வடத்தைப் பிடிச்சாக. நான் கருவேல மரத்தடியில நின்னு ஆண்டவரே எங்க ஊரு, எங்க ஊருன்னு ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

எதுவரைக்கும் அளக்கிறதுன்னு முதல்லயே பேச்சு வந்துச்சு. கோயிலா, கிணறா, எல்லைக்கல்லா? அப்பாதான் சொன்னாக, அடுப்பு எரியுற முதல் வீடுதான் ஊரு, ஏன்னா பசிச்சவனுக்கு அங்கதான் சோறு கிடைக்கும்னு. எல்லாரும் தலையாட்டுனாக. எங்க பக்கம் அளந்தாக, சபையில மூப்பரா இருந்தவர் வீட்டு வாசல் வரைக்கும். அந்தப் பக்கம் அளந்தாக. பக்கத்து ஊரோட முதல் தெரு ரெம்ப தூரத்துல இருந்துச்சு. வடத்தை மடக்கி மடக்கி நீட்டிக்கிட்டே போனாக. அப்பா மூஞ்சியில சிரிப்பு வந்துருச்சு. எங்களைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டுனாக.

அப்பத்தான் நாட்டாமை நில்லுங்கன்னாரு. பட்டாசுக் கம்பெனியை ஊருக்குள்ள கட்டக்கூடாதுல்ல, அதுனால பக்கத்து ஊர்க் கம்பெனி ஊரை விட்டுத் தள்ளி, ஓடைப் பக்கமா, பொட்டல்ல கிடந்துச்சு. அதோட முள்வேலிக்கு வெளிய, ஒதுக்கமா, காவல்காரருக்கு ஒரு ஓலைக் குடிசை. கருவேலங் கூட்டத்துக்குள்ள இருந்ததால அதை யாரும் கணக்குலயே எடுக்கல.

"அந்தக் குடிசையில பொண்டாட்டி பிள்ளையோட இருக்கான், அடுப்பு எரியுது வாத்தியாரய்யா"ன்னாரு நாட்டாமை. "அவன் எங்க ஊரு ஆளு. தெரிஞ்சுக்கிட்டே மறைச்சா எனக்குச் சோறு இறங்காது."

அவரு பேசாம இருந்திருக்கலாம். அவரு வாயைத் திறக்கலேன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அம்புட்டு நேர்மையான மனுசனா அன்னிக்குப் பார்த்து இருக்கணுமா? குடிசை வரைக்கும் அளந்தாக. எங்க பக்கம் எடுத்த அளவுல பாதி வடம் மிஞ்சிருச்சு.

அப்பா அந்த மிஞ்சின வடத்தைக் கையில சுத்தி எடுத்தாக. பிறகு நாட்டாமை கையைப் பிடிச்சு, சொன்ன சொல்லு சொன்னதுதான்னாக. நாட்டாமை, என் வீட்டுலயே வளரட்டும், என் பிள்ளைகளுக்கு என்னவோ அதேதான் இதுக்கும்னு சொன்னாரு. கடைசி வரைக்கும் அந்த வாக்கைக் காப்பாத்துனாரு, அதையும் நான் சொல்லித்தான் ஆகணும். ரெண்டு ஊரு ஆம்பளைகளும் ஏதோ பெரிய காரியத்தை முடிச்ச மாதிரி திருப்தியாக் கலைஞ்சாக. அந்தப் பிள்ளை வச்ச காலை எடுக்காம அங்கனயே நின்னுக்கிட்டு இருந்துச்சு, ஆட்டம் முடிஞ்சதுன்னு யாரும் சொல்லாத மாதிரி.

வீட்டுக்கு வந்து அப்பா விசயத்தைச் சொன்னதும் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னா.

"கயித்தைக் கேட்டீக. பிள்ளையக் கேட்டீகளா?"

அப்பா, வேதத்தைச் சொல்லி ஊரைக் கூட்டிட்டு நானே மாத்திப் பேசலாமான்னு கேட்டாக. அம்மா பசை கிண்டப் போயிட்டா.

ரெண்டு நாள் கழிச்சு என்னையச் சாத்தூர்ல அத்தை வீட்டுக்கு அனுப்பி வச்சாக. பள்ளிக்கூடத்துக்குப் பாவாடை தைக்கக் குடுத்திருக்கு, வாங்கிட்டு வான்னு. பஸ்ஸுல போறதுன்னா எனக்கு அம்புட்டு ஆசை, யோசிக்காமக் கிளம்பிட்டேன். அந்தப் பிள்ளை தெரு முக்கு வரைக்கும் வந்து, அக்கா எனக்கு என்ன வாங்கிட்டு வருவேன்னு கேட்டுச்சு. காராச்சேவுன்னு சொன்னேன். சாத்தூர்ல வேற என்ன வாங்குறது? ஒரு பொட்டலம் வாங்கி, தூளாகிறாம மடியிலயே வச்சுக் கொண்டு வந்தேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அம்மா என் மூஞ்சியைப் பார்க்கல. எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

ஓடையைத் தாண்டினா அந்த ஊரு, ஓடிப் போய்ப் பார்த்திருக்கலாமேன்னு கேப்பீக. கொஞ்ச நாளைக்கு வராதீக, பிள்ளைக்கு மனசு அங்கன நிக்கட்டும்னு நாட்டாமை கேட்டுக்கிட்டாராம். அப்பாவும் வாக்குக் குடுத்துட்டாக. எங்க அப்பாவுக்கு வாக்குக் குடுக்கிறதுன்னா கரும்பு! அந்தக் கொஞ்ச நாளு முடியுறதுக்குள்ள மிசன்ல இருந்து மாத்தல் வந்துருச்சு. கட்டில், பெஞ்சு, பசைச் சட்டி எல்லாம் வண்டியில ஏத்தி ராமநாதபுரம் பக்கம் போயிட்டோம்.

அப்பா அந்தப் பகுதியை வச்சு மறுபடி ஒருநாளும் பிரசங்கம் பண்ணல. நான்தான் வயசானப்புறம், தூக்கம் வராத வேளையில, எடுத்து எடுத்துப் படிச்சுப் பார்க்கிறேன். கிட்டத்து ஊருக்காரங்க கையைக் கழுவுறாக, சரி. ஆனா அதுக்கப்புறம் அவுக மன்னிப்புக் கேக்கிறது அவுக ஊருக்கு மட்டும் இல்ல, ஜனம் மொத்தத்துக்கும் கேக்காக. எங்க அப்பா இதை எப்படி விட்டாக? அளக்கிறது, பொறுப்பு எங்க தொடங்குதுன்னு தெரிஞ்சுக்கத்தான். மிச்ச ஊரெல்லாம் வீட்டுக்குப் போங்கன்னு அந்தச் சட்டம் எங்கயும் சொல்லல. அப்பாவும் நல்லவுகதான், நாட்டாமையும் நல்லவருதான். ரெண்டு நல்லவுக சேந்து என் தங்கச்சியைக் கொண்டுபோயிட்டாக.

எத்தனையோ பட்டாசுக் கம்பெனித் தீ விபத்துல வெந்து வந்தவுகளை நான் பார்த்திருக்கேன். வெம்பக்கோட்டைப் பக்கம், தாயில்பட்டிப் பக்கம்னு யாராவது சொல்லிட்டா, கட்டுப் போடுறதுக்கு முன்னாடி மூஞ்சியைப் பார்ப்பேன். அவளா இருக்கக்கூடாதுன்னு பார்ப்பேன். அவளா இருந்தா நல்லா இருக்குமேன்னும் மனசுக்குள்ள ஒண்ணு கிடந்து துடிக்கும். வெக்கமாத்தான் இருக்கு சொல்ல.

போன தையில விருதுநகர்ல ஒரு கல்யாணம். பந்தி முடிஞ்சு, காத்தாடிக்குக் கீழ நாற்காலியைப் போட்டு உக்காந்திருந்தேன். வெள்ளை முடி, காதுல கல்லுத்தோடு, ஒரு பொம்பளை ரெம்ப நேரமா என்னையவே பார்த்துக்கிட்டு இருந்தா. எந்திரிச்சு வந்து, நீங்க வாத்தியாரய்யா மகதானன்னு கேட்டா. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தமாம். நாட்டாமை வீட்டுல அவரு மகளுகளோட மகளா வளந்தாளாம். அந்த வீட்டுல பொம்பளைப்பிள்ளைக யாரும் பள்ளிக்கூடம் போகல, அதுனால இவளும் போகல. அவுகளோடயே தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருக்கா. நல்ல இடத்துல கட்டிக்குடுத்திருக்காக. மகன், மகள், பேரன் பேத்தி. எனக்கு ஒரு குறையும் வைக்கலக்கான்னு சொன்னா. அக்கான்னு அவ கூப்பிட்டதும் பக்கத்து நாற்காலியை இழுத்து அவளை உக்கார வச்சேன்.

அந்த நாளைப் பத்தி நான் கேக்கல, அவளேதான் சொன்னா. அம்மா அன்னிக்கு அவளுக்குத் தலை பின்னி விட்டாளாம். பின்னி முடிச்சு, சரியா வரலன்னு அவுத்து, மறுபடி பின்னி, மறுபடி அவுத்து. நாட்டாமை வாசல்ல காத்துக்கிட்டே நின்னாராம், அவசரப்படுத்தவே இல்லையாம். அப்பா தலையில கை வச்சு ஜெபம் பண்ணுனாகளாம்.

"யாராவது ஒருத்தர் போகாதேன்னு சொல்லுவாகன்னு பார்த்தேங்கா. வாசப்படி வரைக்கும் பார்த்தேன்"னா. "நீ இருந்திருந்தா சொல்லிருப்ப. அதான உன்னையச் சாத்தூருக்கு அனுப்பிட்டாக."

வெளிய அவ மகன் வேனை நிறுத்திட்டு ஹாரன் அடிச்சான். பேத்தி ஓடி வந்து ஆச்சி வா வான்னு கையைப் பிடிச்சு இழுத்துச்சு. அவ எந்திரிச்சா. நான் அவ மணிக்கட்டைப் பிடிச்சேன்.

"போகாதடி"ன்னேன்.

ஹாரன் மறுபடியும் கேட்டுச்சு. அவ பேத்தியை வேனுக்கு அனுப்பிட்டு, என் பக்கத்துல உக்காந்தா.